பழைய கப்பல் காம்பஸை மலையில் வைத்துப் பழுதுபார்ப்பது: அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கொடைக்கானலில் கடிகாரம், பாரோமீட்டர், பழைய கேமரா பழுதுபார்க்கிறவன் நான். சில வருஷமாகக் கப்பல் காம்பஸும் வந்துகொண்டிருக்கிறது. கேட்கிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவைத்துவிட்டேன்.

கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு கப்பல் காம்பஸா? கடல் எங்கே, நீங்கள் எங்கே?

நியாயமான கேள்விதான். இங்கிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் கடலுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். எங்களிடம் இருப்பதெல்லாம் 1863-இல் லெவிஞ்சு துரை அணை கட்டித் தேக்கிய ஏரி, அதில் பெடல் படகு, துடுப்புப் படகு. அதில் காம்பஸ் வைத்துக்கொண்டு போகிறவன் யாருமில்லை. மூடுபனி இறங்கினால் எதிரே வருகிற படகே தெரியாது என்பது உண்மை, ஆனால் அப்போதும் கரையில் சோளம் சுடுகிற வாசனையைப் பிடித்தே வந்து சேர்ந்துவிடலாம்.

காம்பஸ்கள் வேறு வழியாக வருகின்றன. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் இங்கே வீடு கட்டியிருக்கிறார்கள். பழைய பங்களாக்களில் எந்தக் காலத்திலோ யாரோ வாங்கிவைத்தது அலமாரியில் கிடக்கும். குஜராத்தின் அலங் கடற்கரையில் கப்பல் உடைக்கிறார்கள் இல்லையா, அங்கிருந்து சாமான் வாங்கி ரிசார்ட்டை அலங்கரிக்கிறவர்களும் உண்டு. அப்புறம், காந்த ஊசிக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம் இங்கே இருக்கிறது, பூமியின் காந்தத்தையும் அங்கே நெடுங்காலம் அளந்திருக்கிறார்கள். பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கிற இடங்களை இணைக்கிற கோடு, தமிழ்நாட்டின் தென்கோடிக்குப் பக்கத்தில் போகிறது. அந்தக் கோடு உங்கள் காம்பஸையும் தொந்தரவு செய்யும், அதைக் கீழே சொல்கிறேன்.

தூத்துக்குடியில் இருந்தவரை நன்றாக இருந்தது, மேலே கொண்டுவந்ததும் கண்ணாடிக்குள் குமிழி வந்துவிட்டது. ஒழுகுகிறதா?

என்னிடம் வருகிற காம்பஸில் பாதி இந்தக் குமிழிக்காகத்தான் வருகிறது, அதில் பாதியைத் தொடாமலே திருப்பி அனுப்புகிறேன்.

திரவம் நிரப்பிய காம்பஸின் கிண்ணத்துக்கு அடியில், மெல்லிய பித்தளைத் தகட்டிலோ ரப்பரிலோ, மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி இருக்கும். வெயிலில் திரவம் விரியும்போது அது இடம் கொடுக்கும், குளிரில் சுருங்கும்போது உள்ளே அமுங்கும். இப்போது யோசித்துப் பாருங்கள்: கடற்கரையில் இருக்கிற காற்றழுத்தத்தில் இங்கே, 2,100 மீட்டரில், முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கிறது. கீழே கண்ணுக்குத் தெரியாமல் ஓரத்தில் ஒளிந்திருந்த கடுகளவு காற்று மேலே வந்ததும் கொஞ்சம் ஊதிக்கொள்ளும். திரவத்தில் கரைந்திருந்த காற்றும் அழுத்தம் குறைந்ததும் வெளியே வரும், சோடா பாட்டிலைத் திறந்தமாதிரி, ஆனால் மெதுவாக. இது போதாதென்று தூத்துக்குடியில் 32 டிகிரியில் இருந்த திரவம் இங்கே மார்கழி விடியற்காலையில் 8 டிகிரிக்கு வந்து நிற்கும். திரவத்தைப் பொறுத்து, ஒரு லிட்டருக்குச் சுமார் 15, 20 மில்லி சுருங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருத்தி வயசாகி விறைத்துப்போயிருந்தால் அந்த இடத்தை யார் நிரப்புவது? குமிழிதான்.

அதனால் கொண்டுவந்தவுடன் திறக்காதீர்கள். ஒரு துண்டுப் பேப்பரில் தேதி, நேரம், குமிழியின் அளவு எழுதுங்கள். காலை 6 மணிக்கு ஒருமுறை, மத்தியானம் வெயிலில் ஒருமுறை. காலையில் பட்டாணி அளவு, மத்தியானம் மிளகு அளவு என்று ஏறி இறங்கினால் அது மலையின் வேலை, காம்பஸில் கோளாறு இல்லை. வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டே போனால்தான் ஒழுக்கு.

ஒழுக்கு எங்கே என்று பார்க்க நான் செய்வது இது: கிண்ணத்தைத் துடைத்துக் காயவைத்து, கண்ணாடி வளையத்தைச் சுற்றியும் அடியில் திருகுமூடியைச் சுற்றியும் விபூதியைத் தூவி, இரண்டு நாள் அப்படியே வைப்பேன். ஒழுகுகிற இடத்தில் விபூதி நனைந்து கோடாகக் கறுத்திருக்கும். சாக்பீஸ் பொடியும் போதும், ஆனால் எங்கள் வீட்டில் பழனி விபூதி எப்போதும் இருக்கும், சாக்பீஸ் தேடிப் போகவேண்டும்.

சரி, ஒழுகுகிறது என்றே வைத்துக்கொள்வோம். என்ன ஊற்றி நிரப்புவது? எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் தேங்காய் எண்ணெய் ஊற்றலாம் என்கிறார்.

அவரை ஜனவரியில் இங்கே ஒருநாள் தங்கச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், கொடைக்கானலில் தலைக்குத் தேய்க்கவே பாட்டிலை அடுப்போரம் வைக்கவேண்டியிருக்கிறது. அப்படி ஒரு காம்பஸ் என்னிடம் வந்தது. உள்ளே திசைகள் எழுதிய வட்ட அட்டை வெண்ணெயில் புதைத்தமாதிரி வடமேற்கைக் காட்டி நின்றது, எந்தப் பக்கம் திருப்பினாலும் வடமேற்குதான்.

இன்னொன்றில் ரேஷன் மண்ணெண்ணெய். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் கலந்திருப்பார்கள் என்பதால் திறக்காமலே கண்டுபிடித்துவிட்டேன், அட்டை முழுக்க நீலம் ஏறியிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய காம்பஸ்களில் இரண்டு ஜாதி. ஒன்று, எரிசாராயமும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்தது, சாராயம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குச் சற்றுக் குறைவுவரை இருக்கும். தண்ணீர் மட்டும் என்றால் குளிர்நாட்டில் உறைந்துவிடும், அதற்காகத்தான் சாராயம். இன்னொன்று பிற்காலத்தது, மண்ணெண்ணெயின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, வாசனையும் நிறமும் நீக்கிச் சுத்திகரித்த எண்ணெய். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றக்கூடாது. எண்ணெய்க்காக அடித்த பெயிண்ட் சாராயத்தில் ஊறி உரியும், சாராயத்துக்காக வைத்த வாஷர் எண்ணெயில் உப்பிக் கொழகொழவென்று ஆகும்.

எது என்று தெரிந்துகொள்வது சுலபம். உள்ளேயிருந்து சிரிஞ்சில் நாலு சொட்டு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். கலந்துவிட்டால் சாராயம், மேலே வட்டமாக மிதந்தால் எண்ணெய். முகர்ந்து பார்த்தாலும் தெரியும். இந்த நாலு சொட்டைப் பார்க்காமல் நான் ஒருமுறை வேலையைத் தொடங்கினேன். எல்லாக் காம்பஸும் சாராயம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. கலந்து ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன், திரும்பி வந்தால் கிழக்கையும் தென்கிழக்கையும் குறிக்கிற எழுத்துக்கள் அட்டையை விட்டு எழும்பி, கிண்ணத்துக்குள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த அட்டையை ஒன்றும் செய்யமுடியவில்லை. உரிமையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், இன்னும் அவர் ஏரிக்கரையில் எதிரே வந்தால் நான் ரோட்டைத் தாண்டி அந்தப்பக்கம் போய்விடுவேன்.

எரிசாராயம் தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் கிடைக்காது. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் வேறு பொருட்கள் கலந்திருக்கலாம், உள்ளே போனால் கலங்கலாக வாய்ப்பு உண்டு. காலேஜ் லேபுக்குச் சப்ளை செய்கிற கெமிக்கல் கடைகளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். முதலில் அட்டையின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில், பஞ்சில் நனைத்து ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இரண்டு ஜாதியுமே தீப்பிடிக்கிற சரக்கு. குளிர்கிறது என்று பக்கத்தில் கரியடுப்பு வைத்துக்கொண்டு இந்த வேலை செய்யவேண்டாம்.

நிரப்பும்போது கடைசிக் குமிழி போகவே மாட்டேன் என்கிறது.

கிண்ணத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, நிரப்புகிற துளை உச்சியில் வருகிறமாதிரி வையுங்கள். சிரிஞ்சால் மெதுவாக ஊற்றி, தொட்டில் ஆட்டுகிறமாதிரி ஆட்டி, மூடாமல் ஒரு துணியைப் போட்டு ராத்திரி விட்டுவிடுங்கள். அட்டைக்கு அடியில் இருக்கிற மிதவையின் வயிற்றில் காற்று ஒட்டிக்கொண்டிருக்கும், அது தானாக விட்டு வர நேரம் வேண்டும். காலையில் மறுபடி ஊற்றுங்கள். அவசரப்பட்டால் மூன்று தடவை திறக்கவேண்டி வரும்.

மலையில் நிரப்புவதில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். அழுத்தம் குறைவு என்பதால் இங்கே திரவத்தில் கரைந்திருக்கிற காற்றும் குறைவு, கடற்கரைக்குப் போனதும் மிச்சமிருக்கிற சின்னக் குமிழியை அந்தத் திரவமே விழுங்கிவிடும். நஷ்டம் என்னவென்றால், விடியற்காலை 8 டிகிரியில் விளிம்புவரை நிரப்பி இறுக்கி, அது நேராகத் தூத்துக்குடி வெயிலுக்குப் போனால், 30 டிகிரி ஏற்றத்துக்கு எண்ணெய் லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் விரியும். துருத்தி தாங்கவில்லை என்றால் வாஷர் பிதுங்கும், இல்லை கண்ணாடி விரியும். கீழே போகிற காம்பஸை நான் அறைக்குள் 25 டிகிரிக்குச் சூடாக்கி வைத்துத்தான் மூடுகிறேன்.

திறப்பதற்கு முன்னால் வேறென்ன பார்க்கவேண்டும்?

அட்டை உட்கார்ந்திருக்கிற ஊசிமுனை. கிண்ணத்தின் நடுவில் ஒரு கூரான முனை, அதன் மேல் அட்டையின் நடுவில் பதித்த கல், நல்ல காம்பஸில் நீலக்கல் அல்லது அகேட். கடிகாரம் பார்த்தவர்களுக்குப் புரியும். முனை மழுங்கினாலோ கல்லில் கீறல் விழுந்தாலோ அட்டை சோம்பேறியாகிவிடும்.

சோதனை இது: காம்பஸை அசையாத மேசையில் வையுங்கள். செல்போன், ஸ்பீக்கர், ஃபிரிட்ஜ் எதுவும் பக்கத்தில் வேண்டாம். அட்டை நின்றபின் டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் காந்தத்தைக் காட்டி அட்டையை 10 டிகிரி திருப்பி, காந்தத்தைத் தூரமாக எடுத்துப் போய்விடுங்கள். அது திரும்பி வந்து எங்கே நிற்கிறது? அடுத்து மறுபக்கமாகத் திருப்பிப் பாருங்கள். இரண்டு தடவையும் பழைய இடத்துக்கே வந்தால் முனை நன்றாக இருக்கிறது. ஒரு டிகிரிக்கு மேல் தள்ளி நின்றால் சந்தேகம்.

ஆனால் இங்கே ஒரு ஏமாற்று இருக்கிறது. அட்டையைத் திருப்புவது பூமிக் காந்தத்தின் கிடைமட்ட பாகம்தான். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு அது லண்டனில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அதனால் அங்கே திணறுகிற மழுங்கிய முனைகூட இங்கே சமாளித்துக்கொண்டு வந்து நிற்கும். இங்கிலாந்திலிருந்து ஒருவர் தாத்தா காம்பஸைக் கொண்டுவந்து, “அங்கே வேலை செய்யவில்லை, இங்கே ஜோராகச் செய்கிறது, மலைக்காற்று ஒத்துக்கொண்டது” என்றார். காற்றெல்லாம் இல்லை. அதனால் நம் பக்கம் சோதிக்கும்போது கொஞ்சம் கறாராகவே இருங்கள், அரை டிகிரி தள்ளினாலே நான் முனையைப் பார்த்துவிடுவேன்.

முனையில் எண்ணெய் விடவே கூடாது. திரவமில்லாத உலர் காம்பஸில் சிலர் தையல்மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுவிடுகிறார்கள். அது தூசியைப் பிடித்து, நாளாவட்டத்தில் பசையாகிவிடும்.

எண்களில் பழுப்பாக ஒரு பூச்சு இருக்கிறது, முன்பு இருட்டில் ஒளிர்ந்ததாம். சுரண்டிவிட்டுப் புது ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டலாமா?

கையை எடுங்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சிரிக்காமல் பதில் சொல்கிறேன்.

நம் ஊரில் இருட்டில் ஒளிர்கிற எதையும் ரேடியம் என்று சொல்லிப் பழகிவிட்டோம், பைக் நம்பர் பிளேட் ஸ்டிக்கர்கூட “ரேடியம் ஒட்டுவது”தான். அதில் ரேடியம் கிடையாது. ஆனால் 1910களிலிருந்து 1960கள்வரை செய்த காம்பஸ், கடிகாரம், விமானக் கருவிகளில் பூசியது பல நேரம் நிஜமான ரேடியம். அமெரிக்காவில் அந்தப் பூச்சை அடிக்கிற வேலை பார்த்த பெண்கள் பலர் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி, தாடை எலும்பு அரித்துச் செத்துப்போனார்கள்.

“இப்போது ஒளிரவில்லையே, தீர்ந்துபோயிருக்கும்” என்பார்கள். தீர்ந்தது ரேடியம் இல்லை. ரேடியத்தின் கதிர் பட்டு ஒளிர்கிற துத்தநாக சல்பைடுதான் கெட்டுப்போயிருக்கிறது. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். கண்ணாடிக்குள் மூடியிருக்கிறவரை கூடத்தில் அலமாரியில் வைத்திருப்பதில் பெரிய ஆபத்து இல்லை, படுக்கைத் தலைமாட்டில் வேண்டாம். சுரண்டினால், தேய்த்தால், ஊதினால், அந்தத் தூள் மூச்சில் போகும், ஆபத்து அதுதான். உள்ளே இருக்கிற திரவத்திலும் தூள் உதிர்ந்திருக்கலாம், சிங்க்கில் ஊற்றக்கூடாது. கண்ணாடி உடைந்திருந்தால் கையுறை போட்டு இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்துவிட்டு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைக் கேளுங்கள். பழுப்புப் பூச்சு தெரிகிற காம்பஸை நான் திறப்பதில்லை, எவ்வளவு கொடுத்தாலும்.

பித்தளைதானே, புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடுமே?

குத்துவிளக்குக்குச் செய்யுங்கள். காம்பஸில் புளித்தண்ணீர் திருகுக்குள்ளும் கண்ணாடி வளையத்துக்கு அடியிலும் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், ஆறு மாதத்தில் பச்சையாகக் களிம்பு பூக்கும். பீதாம்பரிப் பொடியும் அப்படித்தான், பொறித்த எழுத்துக்களை வேறு மழுக்கிவிடும். பழைய கருவிகளில் பித்தளைக்கு மேல் ஒரு மெல்லிய வார்னிஷ் இருக்கும், அந்தத் தேன்நிறம் அதனால்தான். போனால் போனதுதான். மெல்லிய பருத்தித் துணி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர், உடனே துடைத்துக் காயவைப்பது, போதும்.

ஆசாரி புதுப் பெட்டி செய்துகொடுத்தார், அதிலிருந்து காம்பஸ் 12 டிகிரி தப்பாகக் காட்டுகிறது.

இரும்புத் திருகு போட்டிருப்பார். கேட்டுப் பாருங்கள். பழைய பெட்டியில் இருந்தது எல்லாம் பித்தளைத் திருகு, ஒன்றிரண்டு தொலைந்திருக்கும், அவர் கையில் இருந்ததைப் போட்டிருப்பார். ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டிப் பெட்டியைச் சுற்றி நகர்த்திப் பாருங்கள், இரும்பு இருக்கிற இடத்தில் நூல் சாயும். இதை ஆசாரிமேல் மட்டும் போடமுடியாது. என்னுடைய ஸ்குரூடிரைவர் முனையே காந்தமேறியது என்று தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க, “தொட்டால் மட்டும் ஏன் ஆடுகிறது” என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அட்டை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. உடைந்துவிட்டதா?

எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்லுங்கள். பூமியின் காந்தக்கோடுகள் லண்டன் பக்கம் கிட்டத்தட்ட 66, 67 டிகிரி தரைக்குள் குத்திட்டு இறங்குகின்றன. அதனால் அங்கே ஊசியின் வடமுனை கீழே இழுபடும், அதைச் சமன்செய்ய எதிர்ப்பக்கத்தில் ஒரு பொட்டு மெழுகோ ஈயமோ வைத்திருப்பார்கள். கொடைக்கானலில் அந்தச் சாய்வு ஒருசில டிகிரிதான். கீழே இழுக்கிற விசை இல்லை, எதிர் எடை மட்டும் இருக்கிறது. ஆகவே தெற்குப்பக்கம் தாழும். தாழ்வது தெற்கு என்றால், கொஞ்சம்தான் என்றால், அது வெளிநாட்டுப் பொருள் என்பதற்கு அடையாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கோ மேற்கோ தாழ்ந்தால் மிதவைக்குள் திரவம் புகுந்திருக்கும். மிதவை பித்தளைத் தகட்டில் ஈயம் பற்றவைத்தது, பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். அதற்குத் திறந்துதான் ஆகவேண்டும்.

கண்ணாடி விரிந்துவிட்டது, அக்ரிலிக் ஷீட் வெட்டிப் போடலாமா?

சாராயம் நிரப்பிய காம்பஸில் போடக்கூடாது. அக்ரிலிக் சாராயம் பட்டால் சிலந்தி வலை மாதிரி வெடித்துவிடும். தட்டைக் கண்ணாடி என்றால் அதே கனத்தில் படக்கடையில் வட்டமாக வெட்டித் தருவார்கள், விளிம்பை மழுக்கச் சொல்லுங்கள். குவிந்த கண்ணாடி என்றால் தேடத்தான் வேண்டும். வளையத்தின் திருகுகளைக் கார் டயர் நட் மாதிரி எதிரெதிராக, கால் திருப்பு கால் திருப்பாக இறுக்குங்கள்.

சரியாகத்தான் காட்டுகிறதா என்று கடைசியில் எப்படிப் பார்ப்பது? போன் காம்பஸோடு ஒப்பிடலாமா?

போனை நம்பி இதைச் சரிபார்ப்பது, தப்பான கடிகாரத்தைப் பார்த்து இன்னொரு கடிகாரத்தைத் திருப்புகிற கதை. தவிர போனைப் பக்கத்தில் வைத்தாலே அதன் ஸ்பீக்கர் காந்தம் அட்டையை இழுக்கும்.

எனக்கு முருகன் இருக்கிறார். குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து மேகமில்லாத காலையில் பார்த்தால் பழனி மலை தெரியும், கிட்டத்தட்ட நேர் வடக்கே, சற்றே கிழக்கு தள்ளி, சுமார் 20 கிலோமீட்டர். வரைபடத்தில் இரண்டு இடத்துக்கும் கோடு போட்டு உண்மையான கோணத்தை எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கம் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் இரண்டு டிகிரி அளவுக்குள்தான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். காம்பஸை மரமுக்காலியில் வைத்து, பழனிமலையைப் பார்த்து, படித்து எழுதுவேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் கும்பிடுவார்கள்.

ஒரே இடத்தில் பார்த்து முடித்துவிடாதீர்கள். இந்த மலைப் பாறை சார்னோகைட், அதில் மேக்னடைட் என்கிற காந்தக்கல் துகளாகக் கலந்திருக்கும். மொட்டைப் பாறைமேல் வைத்தால் ஒரு டிகிரி அப்படி இப்படிப் போகலாம். பத்தடி தள்ளி இன்னொரு தடவை பாருங்கள். ஏரிக்கு நடுவில் மரப்படகில் வைத்துப் பார்ப்பதும் நல்லது, சுற்றிலும் இரும்பு இல்லை, பாறையும் ஆழத்தில். காம்பஸுக்கு எங்கள் ஏரி பயன்படுகிற ஒரே இடம் அது.

பெரிய பித்தளைத் தூண், இரண்டு பக்கமும் பச்சை, சிவப்பு நிறத்தில் இரும்புக் குண்டு. குண்டைக் கழற்றிவிடலாமா?

வீட்டு அலங்காரத்துக்கு என்றால் வேண்டாம், அதுதான் அழகே. இரும்புக் கப்பல் காம்பஸைத் தன் பக்கம் இழுக்கும், அந்த இழுப்பை எதிர்த்து இழுக்க வைத்தவை அந்தக் குண்டுகள். பின்னால் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1870களில் இந்த ஏற்பாட்டோடு தன் காம்பஸைக் கொண்டுவந்தார், மெல்லிய காகித அட்டை, பட்டுநூலில் கட்டிய சின்னச் சின்ன ஊசிகள் எட்டு. முன்னால் செங்குத்தாக ஒரு குழாயில் இரும்புத் தண்டு இருந்தால் அது மேத்யூ ஃபிளிண்டர்ஸ் பெயரில் வழங்குகிற தண்டு, ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்த மாலுமி. ஒவ்வொன்றும் அந்தந்தக் கப்பலுக்காக அளந்து வைத்தது, உங்கள் கூடத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதனால் அது வடக்கைத் தப்பாகக் காட்டினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் வாங்கியது நிஜமாகவே பழையதா?

“லண்டன்” என்று பொறித்து, ஒரு வருஷத்தையும் போட்டு, கைக்கு அடக்கமாக, மூடியைத் திறந்தால் கவிதை எழுதியிருந்தால், பெரும்பாலும் உத்தராகண்டின் ரூர்க்கிப் பக்கம் புதிதாகச் செய்ததாக இருக்கும். அந்த ஊரில் சர்வே கருவி செய்கிற பட்டறைகள் நிறைய. பொருள் மோசமில்லை, பழசு என்று விற்பதுதான் மோசம். திருகுகளைப் பாருங்கள்: நட்சத்திரத் தலைத் திருகு இருந்தால் 1900-த்தில் செய்தது என்ற கதை அங்கேயே முடிந்தது.

பழுதுபார்த்தபின் படகில் வைத்துக் கடலுக்குப் போகலாமா?

போகலாம், படகில் பொருத்தியபின் துறைமுகத்தில் காம்பஸ் சரிசெய்கிறவரை வைத்து, படகை எட்டுத் திசையும் திருப்பி, எந்தத் திசையில் எவ்வளவு தப்பு என்று அட்டவணை போட்டுக்கொண்ட பிறகு. அதை நான் மலையிலிருந்து செய்துதர முடியாது.

அண்ணே, அட்டையில் ஒரு சிவப்புக் கறை இருக்கிறது, அதையும் துடைத்துவிடுங்கள்.

இது ஒரே ஒருவர் கேட்டது, ஆனால் சேர்த்துக்கொள்கிறேன். வத்தலக்குண்டில் கடை வைத்திருக்கிற தம்பி, அம்மாவழித் தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணியின் தலைவராக, இருந்தவர், கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். காம்பஸ் சாராய ஜாதி. திருகுத் தலைகள் எல்லாம் ஏற்கெனவே தேய்ந்திருந்தன, யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள். உள்ளே திரவம் பஞ்சாமிர்தம் நிறத்துக்கு வந்திருந்தது. வடித்து, அட்டையை எடுத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி அழுக்கு எடுத்துக்கொண்டு வரும்போது, தென்கிழக்குக் குறியைத் தாண்டி ஒரு நூல் தெற்கே, எள் அளவில் சிவப்பு. துரு என்று நினைத்து ஊசியால் நெம்பப் போனேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் துரு இல்லை, எனாமல் பெயிண்ட், நடுவில் கொஞ்சம் மேடாக, தூரிகையின் பின்கட்டையால் வைத்த பொட்டு. சுற்றிலும் இருந்த அச்சு எழுத்து மங்கியிருந்தது, இது மங்கவில்லை.

வரைபடத்தை எடுத்துத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்கேல் வைத்தேன். தென்கிழக்கு, ஒரு நூல் தெற்கே.

தம்பிக்குப் போன் செய்து, துடைக்கவேண்டுமா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அம்மாவே கூப்பிட்டார். “அது எங்க அப்பா வச்சதுய்யா. ராத்திரி சுக்கான் புடிக்கிற பயலுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, பொட்டைப் பாத்துப் போடான்னு சொல்லுவாரு.” அப்புறம், “திரும்பி வர்றதுக்கு எதிர்ப்பக்கம் இன்னொண்ணு இருக்கும், பாருங்க” என்றார்.

வடமேற்கில் பார்த்தேன். அழுக்கு இன்னும் எடுக்காத பக்கம் அது. பஞ்சை நனைத்து இரண்டு தடவை ஒற்றியதும் பச்சை நிறத்தில் தெரிந்தது.